ஈஸ்டர் விடுமுறைக்கு வந்த விருந்தாளி

31 மார்ச் 2026, பாங்காக் விமான நிலையம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஜாபிர் அவர்களின் வலது காலுறையில் வார்சாவில் பிறந்த ஓட்டை, இன்று பாங்காக்கில் பெருவிரலை முழுவதுமாக விடுதலை செய்துள்ளது. மக்கள் பதற்றப்பட வேண்டாம்.

அடுத்த செய்தி. ஈஸ்டர் விடுமுறைக்கு, வார்சாவில் என்னோடு படிக்கும் அறைத் தோழர்கள் பிராக் போய்விட்டார்கள். நான் பர்மாவுக்கு, யாங்கோனில் எங்கள் வீட்டுக்குப் போகிறேன். "பயமா இல்லையா?" என்று கேட்டார்கள். பயமா? என் அகராதியில் பப்பாளிக்கு அடுத்தது பரோட்டாதான். நடுவில் ஒன்றும் கிடையாது.

உம்மாவுக்குத்தான் பயம். "வந்துராதடா, ஒனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு" என்று போன வாரமும் போனில் சொன்னாள். பதினெட்டு என்றால் பட்டாளத்துக்குப் பிடிக்கிற வயது. என் அண்ணன் நியாஸ் காக்காவுக்கு இருபத்திரண்டு. வார்டு ஆபீஸைப் பொறுத்தவரை காக்கா மலேசியாவுக்குப் பறந்துவிட்டது. நிஜத்தில் பின்னறைக் கூண்டில் இருக்கிறது. கதவு தட்டப்பட்டால் சமையலறை ஜன்னல், அங்கிருந்து பக்கத்துக் கொட்டகையின் தகரக் கூரை, அப்புறம் பின்சந்து.

நான் வருவது யாருக்கும் தெரியாது. வாசலில் நின்று வார்டு ஆபீஸ்காரர் குரலில் ஒரு அதட்டல் போடப் போகிறேன். உம்மா முகத்தைப் பார்க்க வேண்டும்!

1 ஏப்ரல், தாமுவே, யாங்கோன்

போட்டேன். "டகா ப்வின்பா!" கதவைத் திற, விருந்தாளி சோதனை என்று பர்மியத்தில் ஒரே கத்தல்.

கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ உருண்டது. பிறகு பின்பக்கம் ஒரு சத்தம் — மூட்டை விழுந்த மாதிரி.

காக்கா கூரையைத் தவறவிட்டுவிட்டான். கணுக்கால் முறிந்துவிட்டது.

உம்மா அறைந்தாள். "வெளாட்டாடா இது? உசிரக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடக்கோம்டா இங்க!"

காக்கா பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "குரல் நல்லாத்தான்டா இருந்துச்சு. டகாவ மட்டும் கொஞ்சம் இழுத்துட்ட."

சிரிக்காமல் அவனும் ஒரு அறை விட்டிருக்கலாம்.

2 ஏப்ரல்

வீட்டில் வெளியாள் தங்கினால் வார்டு ஆபீஸில் விருந்தாளி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் போனவன் என்பதால் சொந்த வீட்டிலேயே நான் விருந்தாளி. எழுதினால் பதினெட்டு வயதுக்காரன் வந்திருப்பது தெரிந்துவிடும். எழுதாமல் இருந்து அவர்கள் வந்துவிட்டால்?

வாப்பா சொல்லிவிட்டார்: "எழுத வேணாம். ஞாயித்துக்கெழமை உன்ன பிளேன்ல ஏத்திடுறேன். அதுவரைக்கும் நீ இருமக்கூடக் கூடாது."

அவர் சொன்ன நிமிடத்திலிருந்து தொண்டை அரிக்கிறது.

காக்கா விழுந்ததைக் கீழ்வீட்டு அம்மாள் டோ மியா பார்த்துவிட்டாராம். எலும்பு கட்டுபவரைக் கூட்டி வந்ததே அவர்தான். யாரிடமும் சொல்ல மாட்டார். மாட்டார்தானே?

3 ஏப்ரல்

மாடிப்படியில் செருப்புச் சத்தம். நம் தளத்தில் நிற்கிறதா, மேலே போகிறதா? மேலே போகிறது. மறுபடியும் செருப்புச் சத்தம்.

4 ஏப்ரல்

வந்துவிட்டார்கள். அந்தி சாயும் மஃரிப் தொழுகை நேரம், வாப்பா பள்ளிவாசலில்.

நிஜமானவர்கள் கத்துவதே இல்லை. மெதுவாகத் தட்டினார்கள், கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

உம்மா கதவைத் திறப்பதற்குள் நான் பூனையாக ஜன்னலில் பாய்ந்து தகரக் கூரையில் குப்புறப் படுத்துவிட்டேன். சூடு வயிற்றைச் சுட்டது. அசையவே இல்லை. சர்க்கஸ்காரன் தோற்றான்!

காக்காவால் பாய முடியவில்லை. பெயரை எழுதிக்கொண்டார்கள். புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் பட்டாளத்துக்கு வந்து நிற்க வேண்டுமாம். உம்மா அழவில்லை. அவன் கால்கட்டை அவிழ்த்து, மறுபடியும் கட்டினாள். மறுபடியும் அவிழ்த்தாள்.

5 ஏப்ரல், பாங்காக்

வெளியே வந்துவிட்டேன். முத்திரை குத்துகிறவர் என் பெயரைக் கேட்டபோது ஒரு கணம் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இன்றுதான் ஈஸ்டர். பிராக்கிலிருந்து படங்கள் வந்தன. "உன் சாகசம் என்ன?" என்று கேட்டார்கள். கூரைக் கதையை அனுப்பினேன். வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

கூரைக்கு நான் போகவே இல்லை. நேற்று எழுதியது ரீல். யாரும் படிக்காத நோட்டுக்கே ரீல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. நகரவில்லை. காக்காதான் நொண்டிக்கொண்டு வந்து என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே உட்கார்ந்துகொண்டான். கட்டுப்போட்ட கால் என் மூக்குக்கு நேரே தொங்கியது.

"வீட்டுல வேற யாரு?" என்று கேட்டார்கள்.

"வாப்பா, உம்மா, நான். அவ்வளவுதான்" என்றான்.

குரல் நடுங்கவில்லை. கால்தான் நடுங்கியது. அதைப் பிடித்துக்கொள்ளக்கூட நான் கையை நீட்டவில்லை.