ஒரு மடக்குக் கடல் தண்ணீர்

பிப்ரவரி 12, செவ்வாய்

மழை விடவில்லை. தேங்காய் துருவும்போது கட்டைவிரலைச் சீவிக்கொண்டேன். துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் துருவினேன். அத்தை பார்த்துவிட்டு, "ஐயோ, கையைப் பாருடி" என்று தானே கட்டுப் போட்டுவிட்டார். கட்டி முடித்ததும், "ராத்திரிக்கு என்ன பண்ணப்போற?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அப்பாவின் அக்கா லங்கி அத்தைக்கு என் மேல் கோபமே வராது. அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 17, ஞாயிறு

சர்ச்சுக்குக் கிளம்பும் முன்பே லூ அடுப்புக்குள் போய்விட்டது. சேம்பிலையைத் தீயில் வாட்டி, நாலைந்தாக அடுக்கி, நடுவில் கொழுப்போடு ஆட்டுக்கறி, வெங்காயம், மேலே கெட்டித் தேங்காய்ப்பால், பிறகு பொட்டலமாக மடிப்பு. அம்மா உப்புப் போடமாட்டாள். பாலில் ஒரு மடக்குக் கடல் தண்ணீர் விடுவாள். நானும் அப்படித்தான். நன்றாக வேக வேண்டும், அவசரப்பட்டு எடுத்தால் இலை தொண்டையை அரித்துவிடும்.

மத்தியானம் முதல் வாய் வைத்ததும் அத்தை கண்ணை மூடிக்கொண்டார். எல்லா ஞாயிறும் இதேதான்.

"ஹாபாய்க் கரையில உக்காந்திருக்கேன். யாரும் கூப்பிடாதீங்க." ஹாபாய் எங்கள் தீவு, அத்தை பிறந்ததும் அங்கேதான்.

அத்தை மகள் தோவா அக்கா உடனே, "கரையில இருந்து எழுந்து வரும்போது அந்தக் கிழங்குத் தட்டை இப்படித் தள்ளிட்டு வாங்க" என்றாள். சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அத்தையின் வீட்டுக்காரர் இறந்தபோது, சாவு வீட்டில் சமைக்க ஒரு பெண் வேண்டும் என்று அத்தை சொல்லியனுப்பினார். அப்பா என்னைக் கப்பல் ஏற்றிவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. பள்ளிக்கூடம் அப்படியே நின்றுவிட்டது. வருத்தமா என்றால் — முழுக்க இல்லை. எழுந்து வாசி என்றால் எனக்குக் குரலே வராது. ஆனால் போதும் என்று நானே சொல்லி நின்றிருக்கலாமே. யாரும் என்னைக் கேட்கவேயில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

பௌலியாசி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஹாபாய் கப்பலில் வேலை. கப்பல் இங்கே நிற்கும் நாளில் பின்வாசல் வழியாக நேராகச் சமையலறைக்கு வந்துவிடுவார். எங்கள் ஊர்க் கடல் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்திருந்தார்.

தோவா அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏன் மாமா, நம்ம வீட்டெதிர்ல இருக்கிறதும் கடல்தானே? அங்கிருந்து எதுக்குச் சுமக்கிறீங்க?"

"உங்க நுக்குஅலோஃபாக் கடல்ல டீசல் ருசிம்மா. எல்லாம் என் கப்பல் விட்டதுதான்."

அவள் போனதும் வழக்கமான பாட்டு ஆரம்பமானது.

"மருமகளே, உன் பெரியம்மா பொண்ணுங்க ஒருத்தி என் ரேடியோவை எடுத்துட்டுப் போயிட்டா, இன்னொருத்தி நான் வளத்த பன்றியைக் கயித்தோட இழுத்துட்டுப் போயிட்டா. அக்கா பொண்ணு கேட்டா குடுத்துத்தானே ஆகணும்? நீ மட்டும் இதுவரைக்கும் ஒரு ஊசி கேட்டதில்லை. நீயெல்லாம் ஒரு மருமகளா? எனக்கு ஊர்ல மரியாதையே போச்சு."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒண்ணும் வேணாமா?"

"ஒண்ணும் வேணாம் மாமா."

"அந்த லூவையாவது குடு" என்று மிச்சத்தை முடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 3, ஞாயிறு

அத்தையின் மகன் ஆக்லாந்தில் இருந்து போன் செய்தார். அத்தையை அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறாராம். ஈஸ்டர் முடிந்து பயணம். தோவா அக்கா இங்கே வாடகை வீடு பார்த்துக்கொள்வாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை போனால் நான் வீட்டுக்குப் போகலாம்!

அத்தை போனை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். "உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டேன். அவன் பிள்ளைங்க பர்கரா தின்னு கெட்டுப்போச்சுங்க. உன் கை லூவைத் தின்னாத்தான் அதுங்களுக்குத் தாங்க யாருன்னு தெரியும். எனக்கும் நீ இல்லாம ஆகாது."

மார்ச் 4, திங்கள்

சர்ச்சுக்காரர்கள் எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அதிர்ஷ்டக்காரி என்கிறார்கள். அப்பாவுக்கு போன் செய்தேன். அவரே பேசினார்.

"அத்தை கேட்டுட்டாங்கம்மா. அக்கா கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு நாக்கு வருமா?"

பக்கத்தில் அம்மா ஏதோ சொல்வது கேட்டது. அப்பா, "நீ சும்மா இரு" என்றார். அப்புறம் கோழிகள் சத்தம்தான்.

மார்ச் 14, வியாழன்

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தார்கள். சிரிக்கக்கூடாது என்றார்கள். சிரிக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

லேசாகக் காய்ச்சல். அத்தை போர்வை கொண்டுவந்து போர்த்தினார். தோவா அக்கா மாத்திரை வாங்கிவந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று இருவரும் கதவருகே நின்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். பேசிப் பேசி... நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது?

எனக்குத் தோபாய் வேண்டும் போலிருந்தது. மாவை உருட்டித் தண்ணீரில் வேகவைத்து, சர்க்கரை போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றிய வெறும் தோபாய். நான் பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டு வந்த நாட்களில் அம்மா எதுவும் விசாரிக்கமாட்டாள், மாவைப் பிசைய ஆரம்பித்துவிடுவாள். நானே செய்துகொள்ளலாம். மாவு இருக்கிறது, தேங்காய் இருக்கிறது. செய்யவில்லை. நானே செய்தால் அது எப்படித் தோபாய் ஆகும்?

இந்த வீட்டுக்கு வந்தபின் யாராவது எனக்காக அடுப்பு மூட்டியிருக்கிறார்களா? யோசித்துப் பார்த்தேன். தோவா அக்கா ஒருமுறை டீ போட்டுக் கொடுத்தாள்.

போன மே மாதம் பிள்ளைகள் ஞாயிறு அன்று, சர்ச்சில் வசனம் சொன்ன பிள்ளைகளை உட்காரவைத்துப் பெரியவர்கள் பரிமாறினார்கள். நானும் தட்டு ஏந்திக்கொண்டு பரிமாறினேன். "நீ இப்ப பெரியவ" என்றார் அத்தை. வீட்டில் இருக்கும்போது சின்னவளாகத்தானே இருந்தேன். கப்பலில் வரும்போதா பெரியவள் ஆனேன்?

ஏப்ரல் 5, வெள்ளி

என் கை ருசியாக இருப்பதால்தானே இதெல்லாம்?

ஏப்ரல் 7, ஞாயிறு

செய்துவிட்டேன்.

இன்று போதகருக்கு நம் வீட்டில் சாப்பாடு. நல்ல சட்டை, நல்ல பாய், நல்ல தட்டுகள். எல்லோரும் சர்ச்சுக்கு நடக்க ஆரம்பித்ததும், குடை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து அடுப்பின் தீயைக் குறைத்தேன். சர்ச்சில் இருந்து வந்ததும் வராததுமாகப் பொட்டலங்களை வெளியே எடுத்துவிட்டேன்.

போதகர் இரண்டு வாய் சாப்பிட்டார். இருமினார். தண்ணீர் குடித்தார். திரும்பவும் குடித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. தோவா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் கதவோரம் நின்றேன். இப்போது அத்தை என்னைத் திட்டுவார், இவளுக்குச் சமைக்கத் தெரியவில்லை, ஊருக்கே அனுப்பிவிடலாம் என்பார்.

அத்தை தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். மெதுவாக, கடைசி வாய் வரைக்கும். கழுத்து நரம்பு புடைத்தது.

"மன்னிக்கணும் போதகரே. இலை முத்தல். நான்தான் பாக்காம பறிச்சுட்டு வந்தேன். பிள்ளைமேல தப்பில்லை."

இலை பறித்தது நான்.

சாயங்காலப் பிரசங்கத்தில் போதகருக்குக் குரல் கட்டிக்கொண்டது. தோவா அக்கா என் காதில், "நரகத்தைப் பத்தி இன்னைக்குத்தான் மனுஷன் அனுபவிச்சுப் பேசறார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். பிறகு தானே திரும்ப எடுத்துக்கொண்டார்.

"உனக்கு எதுக்கு? நீதான் இன்னைக்கு லூவைத் தொடவே இல்லையே."

அவ்வளவுதான் சொன்னார். தூங்கப் போய்விட்டார்.

திட்டியிருக்கலாம். அடிச்சிருக்கலாம். கடவுளே, ஏன் இந்த அத்தை இவ்ளோ நல்லவளா இருக்கா? இவளை விட்டு நான் எப்படிப் போவேன்?

ஏப்ரல் 9, செவ்வாய்

மாமா வந்தார். ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை நான் தடுப்பதற்குள் பிரித்து, சூடுகூடப் பண்ணாமல் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். நின்றார். தொட்டியில் துப்பினார்.

"ஹாபாய்க்காரி கையில அரிக்கிற லூவா?"

நான் பொட்டலத்தைத் திரும்ப மடித்தேன்.

"வேணும்னே பண்ணினியா?"

தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"வாயைத் தொறந்து கேக்க வேண்டியதை இலையில கேட்டிருக்க. ஆனா தப்பான ஆள்கிட்ட கேட்டுட்ட, மருமகளே. அவங்க உங்கப்பனுக்கு அக்கா. அவங்க கேட்பாங்க, குடுக்கமாட்டாங்க. குடுக்க வேண்டியவன் இங்க நிக்கிறேன்."

"நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க மாமா" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவரே புரிந்துகொண்டது போலச் சொன்னார்: "நானா கூட்டிட்டுப் போனா அது திருட்டு. உங்கப்பனுக்குத் தலைகுனிவு. உன் அத்தை முன்னாடி நீ கேட்டு நான் கூட்டிட்டுப் போனா அது முறை. கப்பல் அடுத்த செவ்வாய் வரும்."

ஏப்ரல் 11, வியாழன்

அத்தை பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். என் துணிகளும் அந்தப் பெட்டியில். என் கம்பளிச் சட்டை அவர் சட்டைக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தலை முடியை வாரிவிட்டுக்கொண்டே, "அங்க குளிருமாம், நாம ரெண்டு பேரும் ஒரே அறையில படுத்துக்கலாம்" என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

இன்று லூ நன்றாக வந்தது. அத்தை கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "மாமா, எனக்கு ஒண்ணு வேணும்." தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

மாமா பின்வாசல் வழியாக வரவில்லை. சட்டை போட்டு, பெரியவர்கள் முன் போகும்போது கட்டும் நல்ல பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக வந்து கீழே உட்கார்ந்தார். அத்தை நாற்காலியில். டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அத்தை சிரித்தார். "என்ன பௌலியாசி, கல்யாண வீடா?"

"என் மருமகளைப் பாக்க வந்தேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் எனக்குத் தப்பிப் போக ஒரு மூலைகூட இல்லை. வகுப்பில் எழுந்து நின்றது போலவே இருந்தது. தட்டில் டீ தளும்பியது.

"மாமா" என்றேன். "எனக்கு ஒண்ணு வேணும்."

"கேளு."

"வீட்டுக்குப் போகணும்."

மாமா அத்தையின் பக்கம் திரும்பினார். தலையைக் குனிந்துகொண்டார். "என் அக்கா பொண்ணு கேட்டுட்டா. நான் இல்லைன்னு சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

வெளியே யாரோ நாயை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் கேட்டு அவ அப்பன் ஒருநாளும் இல்லைன்னதில்லை" என்றார் கடைசியில். "அவ கேட்டதை நான் இல்லைன்னு சொன்னா, நாளைக்கு நான் கேக்கறதுக்கு என்ன மதிப்பு?"

எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது என் கம்பளிச் சட்டை கையில் இருந்தது.

"கப்பல்ல குளிரும்" என்றார். அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "போறதுக்குள்ள ஒரு லூ பண்ணி வச்சுட்டுப் போடி."

ஏப்ரல் 17, புதன்

அத்தை துறைமுகத்துக்கு வரவில்லை. தோவா அக்கா வந்தாள். "இனிமே எனக்கு யாரு சமைப்பா, துரோகி?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மே 5, ஞாயிறு

பிள்ளைகள் ஞாயிறு. வசனம் சொல்ல என் பெயரையும் அம்மா கொடுத்துவிட்டாள். சின்னப் பிள்ளைகள் நடுவில் நான் மட்டும் உயரமாக நின்றேன். இரண்டு வரிதான். பாதி எனக்குள்ளேயே போய்விட்டது. பரவாயில்லை.

வந்து பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தேன். அப்பா கிழங்கு வைத்தார், மாமா மீன் வைத்தார். என்னிடம் அப்பா இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பெரிய கிழங்காகப் பார்த்து வைத்தார்.

அம்மா தோபாய்க் கிண்ணத்தைக் கொண்டுவரும்போது ஆக்லாந்தில் இருந்து போன்.

"லெசி" என்றார் அத்தை. பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். "லூ பண்ணினேன். இதுங்க துப்புதுங்க. பால்ல எவ்வளவு கடல் தண்ணி விடணும்?"

அத்தை என்னிடம் கேட்கிறார்!

"ஒரு மடக்கு, அத்தை."

"யாரோட மடக்கு? உன் மடக்கா, என் மடக்கா?"

"உங்க மடக்கு."

"இங்க கடலுக்கு கார்ல போகணும். மகனைப் போகச் சொல்றேன். சரி, அரிக்காம இருக்கணும்னா?"

"நல்லா வேகணும். அப்புறம்..." அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். "சர்ச்சுக்குப் போகும்போது தீயைக் குறைக்கக்கூடாது."

அந்தப் பக்கம் அத்தை பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

"தெரியும்டி" என்றார் அத்தை. "அன்னைக்கே தெரியும்."

"ஆறிப்போகுது, போனை வை" என்று அம்மா கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேணும் என்று கேட்டேன். அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி, சத்தமாக.