பக்கத்து வீட்டில் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. இங்கிலாந்தின் இந்த ஹல் நகரில் மழையும் விடவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிப் படிப்புக்கு உன்னை முதல் ஆண்டுக்கு முந்தைய அடித்தள ஆண்டில்தான் சேர்த்தார்கள் என்று பக்கத்து வீட்டு டோரீனிடம் சொல்ல என் நாக்கு கூசியது. "நேரா முதல் வருஷமே குடுத்துட்டாங்க" என்றேன். நீ கதவருகே கேட்டபடி நின்றிருந்தாய்.

நீச்சல் பழகுகிறவர்கள் ஆழமில்லாத பக்கம் இறங்குவதில் என்ன வெட்கம் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் கேட்டவள் நான்.

நேற்று டோரீனிடம் உண்மையைச் சொன்னேன்.

"என்ன டீச்சர் இது! மார்க் குறைஞ்ச எங்க பொண்ணு ஷெல்லிக்கும் அந்த அடித்தள வருஷம்தான் கெடச்சுது. உங்க பொண்ணு நேரா போயிட்டான்னதும், 'நான் மட்டும் மக்குப் பொண்ணா?'ன்னு வேணாம்னுட்டா. இப்ப கிடங்குல பெட்டி அடுக்குறா" என்றாள்.

ஷெல்லி என்னை நம்பமாட்டாள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, உன் அடித்தள ஆண்டைப் பற்றி அவளோடு பேசு.

தலைகுனிந்து,
அம்மா