பூங்கனியைக் கூப்பிட்ட பாட்டு

நெய்யூர்,
12-3-1934

கர்த்தர் கிருபையால் பட்டணத்தில் சுகமாயிருக்கும் அத்தானுக்கு ராஜபாய் எழுதுகிறேன். அம்மைக்குக் கால்வீக்கம் வற்றிவிட்டது. கிணற்றடிச் செவ்வாழை குலை தள்ளியிருக்கிறது. எனக்கும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

உங்கள் கிராமபோன் பிளேட்டு இங்கே வந்துவிட்டது. வீட்டுக்கு இல்லை, ஆஸ்பத்திரி முக்கிலுள்ள சாயாக்கடைக்கு. வெள்ளிக்கிழமை சந்தையிலிருந்து வரும்போது உங்கள் குரல் கேட்டு ஆசையாய்த்தான் நின்றேன். ‘பூங்கனியே, உறங்க வா’ என்று வந்ததும் மீன் வாங்கின கடவப்பெட்டி கையைவிட்டு விழுந்தது. நம்ம பிள்ளைக்கு நான் கட்டின தாலாட்டல்லவா அது? காய்ச்சலில் அவள் கிடந்த ஒன்பது நாளும் கட்டிலோரம் இருந்து நான் பாட, நாடகக் கம்பெனி கூப்பிடும்வரை நீங்களும் கூடப் பாடினீர்களே. மெட்டு உங்களுடையதுதான், மறுக்கவில்லை. அதற்காக, எவளோ ஒருத்தி சிணுங்க, நீங்கள் கொஞ்ச... சீ! வண்டிக்காரன்மார் சீட்டியடித்து, இன்னொருக்க போடு என்கிறான்கள். தண்ணிக்குப் போகிற குமரிப்பிள்ளைகளைக் கண்டால் அந்த வரியைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான்கள். செத்துப்போன மூணு வயசுப் பிள்ளையின் பெயர், அத்தான்.

பாட்டு முடிந்ததும், கட்டினதும் பாடினதும் தங்கையன் என்று பிளேட்டிலேயே உங்கள் பெயரை உரக்கச் சொல்லுகிறீர்கள். என் பெயர் இல்லாததில் வருத்தமில்லை. அந்த அசிங்கத்தில் அது வேண்டவும் வேண்டாம்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. தாலாட்டை எவன் வாங்குவான், காதல் பாட்டாக்கிவிடு என்று ஆர்மோனியக்காரர் நேசமணி சொன்னாராம், நீங்கள் சரியென்றீர்களாம். அந்த மனுஷன் பூங்கனியைக் கண்டதில்லை. பெற்ற அப்பனுக்கு எங்கே போயிற்று புத்தி?

அடுத்த பிளேட்டுக்கு மீதிப் பாட்டை அனுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். மீதி உண்டு. அடக்கத்தன்று குழியோரம் நின்று பாடினேன். நாடகக் கம்பெனியோடு கொல்லத்தில் இருந்துவிட்டீர்கள், கேட்கவில்லை. அதை அனுப்பமாட்டேன். காகிதத்தில்கூட எழுதமாட்டேன்.

கேட்கவேண்டுமானால் வாருங்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். ஆர்மோனியம் வேண்டாம், நேசமணியும் வேண்டாம். நான் பாடுகிறேன், நீங்கள் முன்போல் கூடப் பாடுங்கள். முடிந்ததும் உங்கள் பெயரைச் சொல்லாதிருங்கள். அவள் பெயரைச் சொல்லி ஒருதரம் கூப்பிடுங்கள், அப்பன் கூப்பிடுகிற மாதிரி.

கர்த்தர் உங்களைப் பத்திரமாய் வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

பூங்கனியின் அம்மை,
ராஜபாய்