பிளாஸ்க்கில் போன காட்டுச் செர்ரி

என் பாசமுள்ள ராசு மச்சானுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கலாவோடு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தேன். அந்த மலையில் இருக்கிற செடியெல்லாம் என்னைக் கண்டால் தலையாட்டும், உனக்குத் தெரியாததா? படிக்கட்டு ஓரத்தில் நம்ம செடியைக் காட்டினேன். "காட்டுச் செர்ரிமா. இந்த மண்ணுலயே பிறந்தது, வெள்ளக்காரன் கொண்டு வந்தது இல்ல லா. இந்த இலையை அவிச்சுக் குடுத்துத்தான் உங்கப்பாவோட இனிப்பு நீரை, அந்தச் சர்க்கரை வியாதியை, மூணு வருஷம் கட்டி வச்சேன்."

கலா செடிகொடி படித்த பிள்ளை. இலைக்காம்பு ஓரம் இருந்த இரண்டு சின்னப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தாள். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். பாதாம் வாசனை.

"பேரு சரிதான் மாமா. உள்ளூர்ச் செடியேதான்."

மேலே ஏறிப்போகிறவர்கள் காதில் விழட்டும் என்று நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஆனா இலையிலயும் கொட்டையிலயும் விஷம் இருக்கு. இந்த வாசனையே அதுதான்."

"அப்ப இது எதுக்குத்தான் ஆகும்?"

"பழம் குருவிக்கு ஆகும். வளர்ந்து மரமானா பலகைக்கு ஆகும். மனுசன் அவிச்சுக் குடிக்க ஆகாது."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். மூன்று வருஷம், தினம் காலையில் ஒரு பிளாஸ்க். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. நானா உன்னைக் கொன்றேன்? அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

கலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா ஒரு வாய்கூடக் குடிக்கல மாமா. நீங்க கேட்டைத் தாண்டினதும் சிங்க்குல ஊத்திடுவாரு. 'பிளாஸ்க்கைக் கழுவி வைம்மா, நாளைக்கு அவன் வரணும்ல'ன்னு சொல்லுவாரு."

ஏன்டா சொல்லவில்லை? உன் சாவு வீட்டில் நூறு பேருக்கு முன்னால் என் மருந்தைப் பற்றிப் பேசினேனே, அப்போதும் இந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லையே. குடும்பமே சேர்ந்தா என்னைக் காப்பாற்றினீர்கள்?

காப்பிக்கடையில் நாலு பேருக்குச் செய்முறை சொல்லியிருந்தேன். அன்றைக்கே ஓடிப்போய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் ஒருத்தர் என்னைத் தேடி வந்து சொன்னதாகச் சொன்னேன். அது கொஞ்சம் கூடுதல்தான்.

நாளைக்கும் வருவேன் மச்சான். பிளாஸ்க்கில் வெறும் காப்பிதான் இருக்கும். உன் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ், கலாவுக்கு ஒரு கிளாஸ். இனி அவளிடம் கேட்காமல் யாருக்கும் ஒரு இலைகூடக் கொடுக்க மாட்டேன்.

காப்பியை மட்டும் சிங்க்கில் ஊற்றிவிடாதே.

தினம் உன் கேட்டைத் தட்டும்
உன் மச்சான் முத்து