ஸிர்னே என்ற பெயர்

சம்பந்தியம்மா,

இன்று காலை குக்கரைத் திறந்ததும் வெந்த பட்டாணியின் வாசனை முகத்தில் அடித்தது. குருமாவுக்குத் தேங்காய் அரைப்பதை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். லாட்வியாவில் உங்களை அடக்கம் செய்து ஒரு குளிர்காலம் போய்விட்டது. எனக்கென்னவோ நீங்கள் இந்த வேங்கிக்கால் வீட்டில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

உங்கள் ஊருக்குப் படிக்கப் போன என் மகள், உங்கள் மகனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். கல்யாணம் பேச நீங்களும் உங்கள் மகனும் வந்து, ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கினீர்கள். பத்திரிகைக்குப் பெயர் எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. மகன் ஸிர்னிஸ், நீங்கள் ஸிர்னே. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் பேனாவை வைத்துவிட்டார்.

"அம்மாவுக்கு ஒரு பேரு, புள்ளைக்கு ஒரு பேரு. இன்னா கதை இது? விசாரிக்காம பத்திரிகை அடிக்கக் கூடாது."

மகளின் முகம் வாடிவிட்டது. தயங்கித் தயங்கி அதை உங்கள் மொழியில் சொன்னாள். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்தேன். சிரித்தீர்கள். உங்கள் மொழியில் குடும்பப் பெயருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு, பெயர் ஒன்றுதான், முடிவு மட்டும் மாறும் என்றீர்கள். இனிஷியலோடு வாழ்ந்த எங்களுக்கு அது புதிது.

"சரி, அதுக்கு அர்த்தம் இன்னா?" அண்ணன் விடவில்லை.

நீங்கள் சமையலறைக்குப் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தீர்கள். திரும்பி வந்து அவர் உள்ளங்கையில் ஒரு காய்ந்த பட்டாணியை வைத்தீர்கள்.

உங்கள் கணவரின் முன்னோர் பிரபுக்களின் பண்ணைகளில் அடிமைகளாக உழுதவர்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. விடுதலை கிடைத்தபோதுதான் வீட்டுக்கொரு பெயர் வைத்தார்களாம். மரம், பறவை, வயலில் விளைந்தது, எல்லாமே பெயராயிற்று.

"அவங்க பட்டாணி பயிர் வெச்சாங்களோ, இல்ல ஆளே குட்டையா உருண்டையா இருந்தாரோ, யாருக்கும் தெரியலையாம் மாமா" என்றாள் மகள்.

அண்ணன் பட்டாணியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். "நம்மளையும் ஊர்ல மல்லாட்டக்காரர் வூடுன்னுதான கூப்புட்றாங்க" என்றார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று மகள் விளக்கியதும், நீங்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். அவர் பேனாவை எடுத்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் எங்களுக்காக இறைச்சி சேர்க்காமல், வெங்காயம் மட்டும் வதக்கிப் பட்டாணி சமைத்தீர்கள். உங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு இதைச் செய்தால் ஒரு பட்டாணிகூட மிச்சம் வைக்க மாட்டார்களாம். வைத்தால் வருஷம் பூராவும் கண்ணீராம். உப்பு கம்மிதான். ஆனாலும் அண்ணன் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

என் மகள் அப்பா பெயரையே வைத்துக்கொண்டாள். அதனால் நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் ஸிர்னே என்று எழுத நம் பேத்தி ஒருத்திதான். போன மாதம் லீவுக்கு வந்தவளைப் பல்வலி என்று இங்கே டாக்டரிடம் அழைத்துப்போனேன். நல்ல கூட்டம். நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஸிர்னே... யாருங்க அது?" என்று கேட்டாள். ஒரு கணம், நீங்கள் வருகிறீர்களா என்று வாசலைப் பார்த்தேன். பேத்தி என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்கதாங்க" என்று சொல்லி எழுந்தேன்.