தனி அறைக்குச் சில யோசனைகள்

ஸ்ஃபாக்ஸ்
பிப்ரவரி 4

அன்புள்ள சிஹாம்,

நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம். காபெஸில் குளிர் எப்படி? உன் அக்கா வீடு பழகிவிட்டதா?

எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், மனம் குலைந்து வருகிறவர்களுக்குத் தனி அறை தரச் சம்மதித்துவிட்டார்கள். இனி யாரையும் நடைவழியில் கட்டிலோடு கட்டிவைக்க மாட்டோம். பெரிய டாக்டர் மட்டும், "ரூம் குடுத்தா ஓட்டல்னு நெனச்சு ஊரே வந்துரும்" என்கிறார்.

போன குளிர்காலத்தில், நான் விடுப்பில் இருந்த நாளில், நீயும் அந்த நடைவழியில் கட்டுண்டு கிடந்தாய். எது உன்னை அதிகம் நோகடித்தது? உன்னைவிட்டால் கேட்க எனக்கு ஆளில்லை.

உன்
ஒல்ஃபா

காபெஸ்
பிப்ரவரி 19

என் ஒல்ஃபா,

உறையில் உன் கையெழுத்து. பிரிக்காமலே வெகுநேரம் வைத்திருந்தேன்.

கட்டியதுகூடப் பெரிதில்லை. கழுத்தில் இறுக்கிக்கொள்வேன் என்று என் தலைத்துணியை உருவிவிட்டார்கள். ஆண்கள் போய்வரும் நடைவழி. துணியைக் கேட்டுத்தான் கத்தினேன். "பாத்தியா, மறுபடி வெறி ஏறுது இவளுக்கு" என்று ஊசி போட்டார்கள்.

அக்கா நல்லவள். பிள்ளைகளை மட்டும் என்னோடு தனியே விடமாட்டாள். மாலையில் கடற்கரைக்குப் போவேன், பேச்சுத்துணை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே நாம்? ஒரு வெள்ளிக்கிழமை வாயேன். மீன் குஸ்குஸ் செய்து வைக்கிறேன்.

சிஹாம்

ஸ்ஃபாக்ஸ்
ஏப்ரல் 11

அன்புள்ள சிஹாம்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். துணி விஷயத்தைக் கூட்டத்தில் சொன்னேன். பெரிய டாக்டர்கூட ஒப்புக்கொண்டார். இப்போது முடியை மூடித் தலையோடு ஒட்டியிருக்கும்படி தைத்த தொப்பிகள் வைத்திருக்கிறோம், இழுத்தாலும் கழுத்தைச் சுற்றாது. நேற்று அந்த அறைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மாட்டிவிட்டதும் அவள் அம்மா, "ராணியாட்டம் இருக்கேடி, இனிமே கத்தாத" என்றாள். "மொதல்ல நீ கத்தாதம்மா!" என்றாள் மகள். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஊசியே தேவைப்படவில்லை.

மாத்திரை விடாமல் போடுகிறாயா? தூக்கம் எப்படி? கை நடுக்கம் குறைந்ததா? வேறு என்ன மாற்றலாம், எழுது. வேலை நெருக்குகிறது, இப்போதைக்கு அங்கே வர முடியாது.

ஒல்ஃபா

காபெஸ்
மே 3

ஒல்ஃபா,

தொப்பி நல்ல ஏற்பாடு. மாத்திரை போடுகிறேன். தூங்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்ஃபாக்ஸ் வந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் காபியோடு நின்று யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாய். கூப்பிடத்தான் கிட்டே வந்தேன். கூப்பிட்டால் முதலில் என் கை நடுங்குகிறதா என்றுதான் பார்ப்பாய் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

நடைவழியில் கிடந்த அன்றைக்கு உன்னைப் போல ஒரு நர்ஸ் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இப்போது எனக்கு வேண்டியது நர்ஸ் இல்லை.

அறையைப் பற்றி இன்னும் கேள்விகள் இருந்தால் அனுப்பு. தெரிந்ததை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சிஹாம்