நீ விட்டுப் போன கறிவேப்பிலை

உன் மாம்பழ நிறக் காட்டன் புடவையை இன்று மதியம் பெட்டியிலிருந்து எடுத்தேன். போன குளிர்காலம் முடிந்ததும் துவைத்து மடித்து வைத்ததுதான். ஆனாலும் மடிப்புக்குள் கறிவேப்பிலை வாசம் அப்படியே இருந்தது. புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார நேரமில்லை என்பதும் தெரியும். காலையிலிருந்து ஃபோன் மூன்று முறை அலறிவிட்டது, இந்த எல் பாசோ பாலைவன ஊரில் இன்றிரவு உறைபனி என்று. என் வீட்டுக்காரர் வேலையாக டாலஸ் போயிருக்கிறார். உன் கறிவேப்பிலை நிற்கும் மரத்தொட்டியை ஒருத்தியாக உள்ளே இழுக்க என்னால் ஆகாது. பொழுது சாய்வதற்குள் அதை நின்ற இடத்திலேயே இந்தப் புடவையால் மூடிக் கட்டியாக வேண்டும்.

நீ பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நாள் நினைவிருக்கிறது. பின்கட்டு முழுக்கச் சரளைக்கல், மூலையில் ஒரே ஒரு கள்ளிச்செடி. "கண்ணு வலிக்குது பிள்ளே, ஒரு பச்சை உண்டா இங்க?" என்றாய். நாகர்கோவில்காரிக்கு அப்படித்தான் இருக்கும். நான் ராமநாதபுரத்துக்காரி. கருவேல முள்ளையும் காய்ந்த கண்மாயையும் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த ஊர் பழகிய ஊர் மாதிரிதான் இருந்தது. வாழை வைக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது சிரித்தேன். "பைத்தியமாடி உனக்கு? வருஷத்துக்கு நாலு மழை பெய்ற ஊர்ல வாழையா?"

முதல் கோடையில் நீ வைத்த அத்தனையும் கருகியது. நான் சொன்னது சரிதான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ அழவில்லை. கடப்பாரை வாங்கி வந்து, மண்ணுக்கு அடியில் சிமெண்ட் போல இறுகிக் கிடந்த சுண்ணாம்புப் படிவத்தை உடைத்தாய். மேற்குச் சுவரை ஒட்டி நிழல்வலை கட்டினாய். "முதல்ல நிழலை நடணும், அப்புறம்தான் செடி" என்றாய். வலைக்குக் கீழே வாழை, வாழைக்குக் கீழே கல்வாழை, அதற்கும் கீழே சேம்பு. ஒன்றின் நிழலில் ஒன்று தலையெடுத்தது. வேர்களுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், மண் தெரியாதபடி மேலே மரத்தூள். மூன்றாம் வருஷம் ஜூன் வெயிலில் அந்தச் சேம்பு இலைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு எனக்கு டீ கொடுத்தாய். வேலிக்கு அந்தப் பக்கம் பாலைவனம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் என் முழங்கை ஜில்லென்று இருந்தது. நான் இன்னொரு டீ கேட்டேன். அன்று நான் சிரித்ததை நீ சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த மே மாதம் உனக்கு வைத்தியம் பார்க்க ஹூஸ்டன் கிளம்பினீர்கள், நீ, உன் வீட்டுக்காரர், மகள் மூவரும். சாவியை என் கையில் வைத்து அழுத்தினாய். "வாழைக்கு டைமர்ல தண்ணி ஓடும், நீ அதைத் தொடாத. கறிவேப்பிலைக்கு மட்டும் தினம் அரிசி களைஞ்ச தண்ணி ஊத்து. குளிர் வர்றதுக்குள்ள வந்துருவேன், கேட்டியா." அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். செடி நன்றாக இருக்கும்வரை நீயும் வந்துவிடுவாய் என்று மனசு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. முட்டாள்தனம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன்.

தினமும் என் சமையலறையில் அரிசி களைந்து, அந்தப் பாத்திரத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் உன் வீட்டுத் தாழ்வாரத்துக்கு எடுத்து வந்து ஊற்றினேன். ஒரு நாள் தவறவில்லை. ஜூலையில் இலை நுனிகள் பழுப்பாயின. வெயில் என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றினேன். சனிக்கிழமை வீடியோ காலில் "தோட்டத்தைக் காட்டு" என்பாய். நான் வாழையைக் காட்டுவேன், சேம்பைக் காட்டுவேன். கறிவேப்பிலை பக்கம் வரும்போது "சிக்னல் போகுதுடி" என்பேன். ஆகஸ்டில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சிகள் நின்றன.

துணிமணி எடுக்க உன் வீட்டுக்காரரும் மகளும் ஒரு நாள் வந்தார்கள். உன் மகள் தாழ்வாரத்தில் நின்று அந்தக் குச்சிகளையே பார்த்தாள். "ஆன்ட்டி, இட்ஸ் டெட்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மாகிட்ட சொல்லிடாதம்மா. நல்லா இருக்குன்னு சொல்லு." பதினான்கு வயசுப் பெண். "யூ வான்ட் மீ டு லை?" என்று கேட்டாள். நான் அவள் கையை இன்னும் இறுக்கினேன். அவள் சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதே வாரம் என் வீட்டுக்காரர் கராஜில் தண்ணீர் சாஃப்ட்னர் தொட்டிக்குள் உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊர் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் அந்த இயந்திரம் எங்கள் வீட்டில் உண்டு, உன் வீட்டில் கிடையாது. நான் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். "இந்த உப்பு நம்ம குழாய்த் தண்ணிக்குப் போகுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் போகும். செடிக்கு ஆகாது, அதான் தோட்டத்துக் குழாய்க்குத் தனி லைன் விட்டிருக்கு" என்றார். டைமரை நம்பி நான் தொடாமல் விட்டதெல்லாம் செழித்து நின்றது. என் கையால் பார்த்துப் பார்த்து ஊற்றிய ஒன்றுக்கு மட்டும் மூன்று மாதமாக உப்பை ஊற்றியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை உன்னிடம் சொல்லிவிட்டேன். அதற்கு முன் இரண்டு முறை ஃபோனை எடுத்து எடுத்து வைத்தேன். "கறிவேப்பிலை போச்சுடி. நான்தான் கொன்னுட்டேன். உன் பிள்ளையையும் பொய் சொல்ல வச்சுட்டேன்." உன் குரல் அப்போதே பாதியாகிவிட்டிருந்தது. அந்தக் குரலில் கேட்டாய்: "நகத்தால கீறிப் பாத்தியா?"

"இல்ல."

"பாக்காம எப்படிச் செத்துப் போச்சுன்னு சொல்லுத?" கோபம்தான் அது, எனக்குத் தெரியும். "இங்கயும் எல்லாரும் என்னைப் பாக்காமலே முடிவு பண்ணிட்டாங்க. போய்க் கீறு."

ஓடினேன். நுனியில் கீறினேன், பழுப்பு. நடுவில் கீறினேன், பழுப்பு. மண்ணோடு ஒட்டிய அடித்தண்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். தோல் உரிந்த இடத்தில் மெல்லியதாக, ஈரமாக, பச்சை. தோட்டத்துக் குழாயைத் திறந்து, உப்பெல்லாம் அடிவழியாகக் கழுவிப் போகும்வரை தொட்டிக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டே உன்னைக் கூப்பிட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்தார். நீ தூங்குகிறாய் என்றார். மறுநாள் நீ கண்ணைத் திறக்கவில்லை. ஃபோனை உன் காதருகே வைக்கச் சொல்லி, "பச்சை இருக்குடி, கேக்குதா, பச்சை இருக்கு" என்று கத்தினேன். உனக்குக் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். செடி துளிர்த்தது அக்டோபரில்.

உன் வீட்டை வாங்கியவர்கள் திரும்பச் சரளைக்கல்லைக் கொட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே நானும் என் வீட்டுக்காரருமாகக் கறிவேப்பிலைத் தொட்டியை எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தோம், வாழைக் கன்றுகளைப் பெயர்த்து வந்து என் மேற்குச் சுவரோரம் வைத்துவிட்டேன். கண்மாய் காய்ந்த ஊர்க்காரி இப்போது நிழல்வலை கட்டுகிறாள், நீ சிரித்துக்கொள்.

இப்போது மணி ஐந்து. வாழைக்கு, வீடு காலி செய்தபோது உன் மகள் என்னிடம் கொடுத்ததில் மற்ற இரண்டு புடவைகள். கறிவேப்பிலைக்கு மாம்பழ நிறம், இலையில் படாமல் நான்கு கம்பு நட்டு அதன்மேல். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவிலிருந்து உன் மகள் கூப்பிட்டாள். அவளும் அப்பாவும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். "ஆன்ட்டி, ஃப்ரீஸ் வார்னிங் பாத்தீங்களா? கவர் பண்ணியாச்சா?" பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்குச் செக் பண்ணிட்டுச் சொல்லுங்க. வாட்டெவர் இட் இஸ். டோன்ட் லை."

"பொய் சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

நாளைக் காலை அந்தப் புடவையை அவிழ்க்கும்போது இலையெல்லாம் கறுத்திருக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.